உவமை சொல்லித்தர எது நல்ல வழி: வரையறையா, விடுகதையா?

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் மாடிக்குப் படிக்க வரும் ஏழாம் வகுப்புப் பையனிடம், உவமை என்றால் என்ன என்று கேட்டேன். மூச்சு விடாமல் வரையறையைச் சொன்னான். எடுத்துக்காட்டு? "மலர்முகம்." இன்னொன்று? "மதிமுகம்." நீயாக ஒன்று சொல்லேன் என்றதும் சுவரைப் பார்த்தான். அரை மணி நேரம் கழித்துப் படியிறங்கும்போது தம்பியிடம் கேட்கிறான்: "உன் தலை ஏன்டா காக்கா கூடு மாதிரி இருக்கு?"

அவனுக்கு உவமை நன்றாகவே வருகிறது. பாடத்தில் படித்ததும் வாயில் வருவதும் ஒன்றுதான் என்று மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து வேறு வேறு வழிகளில் சொல்லித்தந்து பார்க்கிறேன். ஒவ்வொன்றும் எதைத் தருகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று இப்போது ஓரளவு சொல்ல முடியும்.

வரையறையை முதலில் சொல்வது பள்ளியின் வழி. அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். உவமைக்கும் உருவகத்துக்கும் உள்ள வேறுபாட்டை மலர்முகம் (மலர் போன்ற முகம்: உவமை), முகமலர் (முகமாகிய மலர்: உருவகம்) என்று இரண்டு சொற்களை இடம் மாற்றிப் போட்டே காட்டிவிடலாம். இவ்வளவு சுருக்கமான வழி வேறு எதிலும் இல்லை. பிள்ளைகள் சிரிக்க வேண்டும் என்றால் பூ இட்லி, இட்லிப்பூ என்று வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் எங்கே வருகிறது என்றால், பெயர் தெரிந்ததும் வேலை முடிந்தது என்று பிள்ளை நினைத்துவிடுகிறது. 'போல' முதலாக, ஒப்பிடுவதைக் காட்டும் சொற்களாக நன்னூல் சொல்லும் பன்னிரண்டு உவம உருபுகளையும் ஒப்பிக்கும் பிள்ளைகள், தாங்கள் நாள் முழுக்கச் சொல்லும் 'மாதிரி' அந்தப் பட்டியலில் இல்லையே என்று கேட்பதில்லை. கேட்டால் எவ்வளவு நல்ல பாடம்! அந்த நூற்பா பன்னிரண்டையும் சொல்லிவிட்டு 'பிறவும்' என்று கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. 'மாதிரி'யும் உள்ளே வரலாம்.

விடுகதை இதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. பெயரும் கிடையாது, விளக்கமும் கிடையாது. "ஆயிரம் தச்சர் கூடி அழகான மண்டபம் கட்டி, ஒருவன் கண்பட்டு உடைந்ததாம் மண்டபம்." இதைப் போட்டதும் ஒருத்தி குருவிக்கூடு என்றாள். "ஆயிரம் குருவி சேர்ந்து ஒரு கூடு கட்டுமா?" என்று பக்கத்தில் இருந்தவன் மடக்கினான். சிலந்திவலை என்றான் ஒருவன். அதுவும் தச்சர் கணக்கில் தோற்றது. தேன்கூடு என்று கண்டுபிடித்தபோது, தச்சர் யார், மண்டபம் எது, உடைந்தது என்றால் என்ன என்று ஒவ்வொன்றாகப் பொருத்திச் சரிபார்த்திருந்தார்கள். ஒரு வார்த்தை இலக்கணம் பேசாமல் உருவகத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டார்கள். தவறான விடைகள்தான் இதில் உண்மையான பாடம். அதனால் விடையை அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. தொல்காப்பியம் செய்யுளியலில் விடுகதையைப் பிசி என்கிறது. அதன் இரண்டு வகைகளில் முதல் வகையை 'ஒப்பொடு புணர்ந்த உவமம்' என்றே சொல்கிறது. விடுகதையையும் உவமையையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது நம்மிடம் அவ்வளவு பழையது.

குறை ஒன்று உண்டு. கதவில்லாத வெள்ளை மாளிகை என்று தொடங்குவதற்குள் "முட்டை!" என்று கத்திவிடுவார்கள். விடை தெரிந்த விடுகதையும் மனப்பாடம்தான். எனவே அவர்களையே உருவாக்கச் சொல்கிறேன். கைபேசிக்கு ஒருத்தி சொன்னது: "ராத்திரி சுவரில் பால் குடிப்பான், பகலெல்லாம் பேசிக்கொண்டே இருப்பான்." இதைக் கேட்ட நாளில் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமில்லை.

உருவாக்கும்போதுதான் இலக்கணத்தைக் கூப்பிட வேண்டும். வினை, பயன், மெய், உரு என்று உவமைக்கு நான்கு அடிப்படைகளைத் தருகிறது தொல்காப்பிய உவமவியல். அவற்றை நான்கு கேள்விகளாக மாற்றிக்கொள்ளலாம். அது என்ன செய்கிறது? அதனால் என்ன கிடைக்கிறது? வடிவம் எப்படி? நிறம் எப்படி? சார்ஜ் ஏறுவதைப் பால் குடிப்பது என்றால் அது வினை. காக்கா கூடு வடிவம். அள்ளிக் கொடுக்கும் கையை மழை என்றால் பயன். பவளம் போன்ற வாய் நிறம். விடுகதைக்குப் பிறகு வரும்போது இதே நூற்பா பிள்ளைகளுக்குக் கருவியாகிவிடுகிறது.

மூன்றாவதாக வீட்டுப் பேச்சு இருக்கிறது. கம்பி நீட்டினான், தலையில் ஐஸ் வைக்கிறான், வயிறு எரிகிறது என்பவை. வயிறு எரிகிறது என்று அம்மா சொன்னால் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவரும் வயதில், அதாவது ஐந்தாறு வயதில், இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. பெரிய பிள்ளைகளுக்கு இது போதாது. பழகித் தேய்ந்த தொடர்களில் ஒப்புமையே கண்ணில் படுவதில்லை. கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சித்தாள்களைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

நூல் வகைகளைச் சொல்லித்தருவதிலும் இதே போட்டிதான். நாட்டுப்புறக் கதை, துப்பறியும் கதை, அறிவியல் புனைகதை, பயணக் கட்டுரை என்று அலமாரியில் சீட்டு ஒட்டிக் காட்டலாம். புத்தகத்தைத் தேடி எடுக்க உதவும், அவ்வளவுதான். சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். இரங்கநாதன், நூலகங்களில் நூல்களை வகைப்படுத்த 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறையில் ஒரு நூலை ஒரே பெட்டிக்குள் அடைக்கவில்லை. அதன் பொருளைப் பல முகங்களாகப் பிரித்துப் பார்த்தார். செயல், இடம், காலம் ஆகியவையும் அந்த முகங்களில் அடங்கும். அவர் செய்தது பாடப்பொருளை வைத்து, நாம் பேசுவது இலக்கிய வகையை. ஆனாலும் கேள்வி கேட்டுப் பிரிக்கும் அந்தப் பழக்கத்தை நான் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டேன். இது எப்போது நடக்கிறது? யார் சொல்கிறார்கள்? நடந்திருக்கக்கூடியதா?

கேள்விகளோடு கூடவே ஒரு கதையை வகை மாற்றிச் சொல்லச் சொல்கிறேன். பாட்டி வடை சுட்ட கதை எல்லோருக்கும் தெரியும், அதனால் அதுவே வசதி. துப்பறியும் கதை என்றால் வடை காணாமல் போனதில் தொடங்க வேண்டும் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். காகத்தின் நாட்குறிப்பு என்றதும் பாட்டி கெட்டவளாகிவிட்டாள். செய்தி எழுதியது நம் மலர்முகப் பையன். இடம், நேரம், வடையின் விலை எல்லாம் சரியாக வந்திருந்தது. நரி பாடச் சொன்னதை எழுதும் இடத்தில் பென்சிலை நிறுத்திவிட்டு, "நரி பேசினா அது செய்தியில வருமா?" என்று கேட்டான். வராது என்று மூன்று பேர். நேரில் பார்த்தவர் சொன்னதாகப் போடலாம் என்று இருவர். அம்மாக்கள் கீழேயிருந்து கூப்பிடும் வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.