ஸ்டிக்கர் வேலைக்கு கூகுள் ஷீட்ஸ் அர்ரே ஃபார்முலா, சோக்கா இருக்கு

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல மச்சானோட ஜவுளிக்கடை, ஒரு நைட்டி 12 பீஸ் வந்தா அதே வரிய 12 தடவ காப்பி பேஸ்ட் பண்ணிதான் விலை ஸ்டிக்கர் அடிப்போம், கை விட்டுப்போயிடும். இப்போ கூகுள் ஷீட்ஸ்ல பொருள் பேரையும் நடுவுல பிரிக்க ஒரு குறியையும் ரிப்ட் (REPT) ஃபங்ஷன் வச்சு எத்தன பீஸோ அத்தன தடவ ஒட்டி, ஸ்ப்ளிட்ல (SPLIT) அந்த குறி வர்ற இடத்துல உடைச்சு, ஃப்ளாட்டன்ல (FLATTEN) மேல இருந்து கீழ ஒரே வரிசையா இறக்கி, வெளிய எல்லா வரிக்கும் சேர்த்து வேலை செய்யுற அர்ரே ஃபார்முலா (ARRAYFORMULA) போட்டுட்டேன், ஒரே செல்லுல எழுதுனது முழு லிஸ்ட்டா வந்து நிக்குது, பீஸ் கணக்க மாத்துனா அதுவே மாறிக்குது, காசும் இல்ல! நடுவுல காலி கட்டம் வரும், ஃபில்டர் போட்டா போச்சு. ஆனா பேருக்கு பதிலா 007 மாதிரி பொருள் கோட் நம்பர் இருந்தா உஷார், ஸ்ப்ளிட் அத வெறும் 7 ஆக்கிடும், முன்னாடி ஒரு எழுத்து சேர்த்துக்கோங்க. மச்சான் இன்னும் நம்பாம ஸ்டிக்கர எண்ணிட்டு இருக்கான்.