லைன்பேக்கரின் பாஸ் தடுப்பும் புரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் பட்டியலும்

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு லைன்பேக்கர் (தற்காப்பு அணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) எதிரணி எறியும் பாஸ்களை எவ்வளவு திறமையாகத் தடுக்கிறார் என்று ஆராய விரும்புவோருக்கு, புரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் இணையதளம் 2018 பருவத்திலிருந்து வழங்கிவரும் மேம்பட்ட தற்காப்புப் பட்டியலை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். அவர் காவல்காத்த எதிரணி ஆட்டக்காரரை நோக்கி எறியப்பட்ட பந்துகள், அவற்றில் எதிரணி பிடித்தவை, விட்டுக்கொடுத்த யார்டுகள், தவறவிட்ட டாக்கிள்கள் (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்தும் முயற்சிகள்) ஆகியவை ஒரே வரிசையில் கிடைக்கின்றன.

எனக்கு மிகவும் பயன்படுவது, எறிதல்களின் சராசரி ஆழத்தை, அதாவது பந்து களத்தில் எவ்வளவு தூரம் முன்னோக்கி எறியப்பட்டது என்பதைக் காட்டும் நெடுவரிசைதான். பந்தை ஏந்தி ஓடும் ஆட்டக்காரரான ரன்னிங் பேக்குக்குத் தரப்படும் குறுகிய பாஸ்கள் பெரும்பாலும் லைன்பேக்கரின் கண்முன்னேதான் பிடிபடுகின்றன என்பதால், பிடிக்கப்பட்ட விழுக்காட்டை மட்டும் பார்த்தால் நல்ல ஆட்டக்காரரும் மோசமானவராகத் தோன்றுவார். ஆழத்தையும் பிடித்தபின் ஓடிய தூரத்தையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் உண்மை விளங்குகிறது.

இப்பட்டியலுக்குக் குறைகளும் உண்டு. ஒவ்வொருவரும் ஓர் ஆளையல்லாமல் களத்தின் ஒரு பகுதியைக் காக்கும் மண்டலத் தடுப்பில், பிடிபட்ட பந்துக்கு எவர் பொறுப்பு என்பது பதிவுசெய்பவரின் கணிப்பையே சார்ந்தது. அதைவிடப் பெரிய குறை, சான்பிரான்சிஸ்கோ அணியின் லைன்பேக்கர் ஃப்ரெட் வார்னர் போன்றவர் நடுக்களத்தை அடைத்து நிற்பதாலேயே, பந்தை எறியும் குவார்ட்டர்பேக் எறியாமல் விட்ட பந்து இப்பட்டியலில் இடம்பெறாததே. அவருக்கு எதிராக எறிந்தவர்களின் வெற்றியை ஒரே எண்ணாக்கும் பாஸர் ரேட்டிங்கோ, தற்காப்பாளர் பந்தைப் பிடித்துவிடும் ஒரேயொரு இடைமறிப்பால் சரிந்துவிடும். ஓர் ஆட்டத்தின் எண்ணை விடுத்து முழுப் பருவத்தையும் பார்ப்பதே முறை.