'தரை தயாரிப்பு: 22,000 ரூபாய்' – வினைல் தரை போடுகிறவர்கள் கவனத்துக்கு

சென்னையில், அதிலும் தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் வினைல் தரை (பிளாஸ்டிக் பலகைகளால் ஆன தரை) போடும் எண்ணத்தில் இருந்தால், கோட்டேஷனில் பலகையின் விலையைப் பார்ப்பதற்கு முன் 'தரை தயாரிப்பு' என்ற வரியைப் பாருங்கள். எங்கள் பணம் பறிபோனது அந்த வரியில்தான். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. பெயர் தெரிந்து நீங்கள் அந்த ஒரு கடையைத் தவிர்த்தாலும், இதே வேலையை இதே விதமாகச் செய்கிறவர்கள் வேறு இடங்களிலும் இருக்கிறார்கள் என்று விசாரித்தபோது தெரிந்தது.

எங்கள் வீடு மடிப்பாக்கத்தில், பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பக்கத்தில்தான் இருக்கிறது. கூடத்திலும் ஓர் அறையிலும் மொசைக் தரை. சில கற்கள் உள்வாங்கி, சிலவற்றின் விளிம்பு துருத்திக்கொண்டு, நடந்தால் காலில் இடறும். உடைத்துவிட்டு டைல்ஸ் போடலாம் என்றால் அப்பாவுக்கு ஆஸ்துமா, தூசி ஆகாது. "உடைக்கவே வேண்டாம் சார், இருக்கிற தரை மேலேயே ஒட்டிவிடலாம்" என்று கடைக்காரர் சொன்னது அதனால்தான் காதுக்கு இனித்தது. 3 மி.மீ. கனத்தில், பசை தடவி ஒட்டும் பலகை. 15 வருட உத்தரவாத அட்டை. மேடுபள்ளத்துக்கு செல்ஃப் லெவலிங் கலவை (ஊற்றினால் தானே பரவிச் சமமாகும் கலவை), ஈரத் தடுப்புக்கு எபாக்சி என்ற பிசின் பூச்சு, இரண்டும் சேர்த்துச் சதுர அடிக்கு 55 ரூபாய். 400 சதுர அடிக்கு 22,000. எல்லாவற்றையும் எழுத்திலேயே கொடுத்தார். அந்தக் காகிதம்தான் இன்று எங்களுக்கு உதவுகிறது.

அந்த 22,000 ரூபாய்க்கு என்ன நடந்திருக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தெரியாதவரை ஏமாற்றுவது சுலபம் என்பதை நம்பித்தான் இந்தத் தொழிலில் பலர் பிழைக்கிறார்கள்.

தரைத்தளத்தில் கான்கிரீட்டுக்கு அடியில் இருப்பது மண். மண்ணின் ஈரம் நுண்துளைகள் வழியாக மேலே ஏறிக்கொண்டே இருக்கும். மொசைக் தரையில் அது நம் கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகிப் போய்விடும். அதன் மேல் பிளாஸ்டிக் பலகையை ஒட்டினால் ஆவிக்கு வழி அடைபடுகிறது. ஏறி வரும் ஈரத்தில் சிமெண்டின் காரமும் கரைந்திருக்கும். அது பசையைச் சிதைத்துக் குழம்பாக்கிவிடும். ஆகவே முதலில் ஈரத்தைச் சோதிக்க வேண்டும். முறையான சோதனை என்றால் கான்கிரீட்டில் துளையிட்டு, அதன் கனத்தில் 40 சதவீத ஆழத்தில் கருவியை வைத்து ஈரப்பதத்தை அளப்பது. கருவி இல்லாதவர்களுக்கு ஒரு மலிவான வழி உண்டு: 18 அங்குலச் சதுரத்தில் தடித்த பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவைப்பது. எடுத்துப் பார்க்கும்போது தாளின் அடியில் நீர் முத்துகளோ தரையில் கறுத்த நிறமோ தெரிந்தால், ஈரத் தடுப்பு இல்லாமல் ஒட்டவே கூடாது. எதுவும் தெரியவில்லை என்பதாலேயே தரை உலர்ந்தது என்றும் ஆகிவிடாது. கோடையில் செய்த சோதனை ஐப்பசி மழைக்குப் பொருந்தாது.

அடுத்து மேற்பரப்பு. மொசைக் கல்லில் வருடக்கணக்கில் ஏறிய பாலிஷும் மெழுகும் இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உறிஞ்சப்படாமல் முத்தாக நின்றால் பசையும் பிடிக்காது, லெவலிங் கலவையும் பிடிக்காது. தூசி உறிஞ்சும் குழாய் பொருத்திய கிரைண்டரால் அந்தப் படலத்தைத் தேய்த்து எடுக்க வேண்டும். ஆடும் கற்களைப் பெயர்த்து மறுபடி பதிக்க வேண்டும். பிறகு ஈரத் தடுப்புப் பூச்சு, பிடிப்புக்கான பிரைமர், அதன் மேல்தான் லெவலிங். 10 அடி நீளத்துக்கு 3/16 அங்குலத்துக்கு மேல், அதாவது சுமார் 5 மி.மீ.க்கு மேல், ஏற்ற இறக்கம் கூடாது என்பது வினைல் தயாரிப்பாளர்கள் பலரும் தங்கள் குறிப்பேட்டில் அச்சிட்டுத் தரும் அளவு. மெல்லிய பலகைக்கு அந்த அளவுக்குள் இருந்தாலும் போதாது. அடியில் இருக்கும் ஒரு சிறு கல்கூட மேலே புடைத்துத் தெரியும்.

இனி எங்கள் வீட்டில் நடந்தது. ஆட்கள் வந்தார்கள், பெருக்கினார்கள், ஈரத்துணியால் துடைத்தார்கள். பெரிய பள்ளங்களில் வெள்ளையாக எதையோ குழைத்துப் பூசி, காய்ந்ததும் பசையைத் தடவி ஒட்டத் தொடங்கிவிட்டார்கள். கிரைண்டர் வரவில்லை. எபாக்சி டப்பா எதையும் யாரும் பார்க்கவில்லை. "செல்ஃப் லெவலிங் எப்போது?" என்று அம்மா கேட்டதற்கு, "அதுதான் போட்டாயிற்றே அம்மா, வெள்ளையாக இருந்ததே" என்று பதில். அவர்கள் போன பிறகு கட்டடத்தின் பின்பக்கம் கிடந்த காலிப் பைகளில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்று அச்சிட்டிருந்தது. சுவருக்கும் பொய்க் கூரைக்கும் பயன்படும் ஜிப்சம். ஈரம் பட்டால் மாவாக உதிரும். அதைத் தரைத்தளத்தில், சதுப்புநிலத்துக்குப் பக்கத்தில் பூசியிருக்கிறார்கள்!

ஒரு கணக்குச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். லெவலிங் கலவை 1 மி.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 1.7 கிலோ பிடிக்கும். 400 சதுர அடி என்பது ஏறத்தாழ 37 சதுர மீட்டர். 3 மி.மீ. ஊற்றினால் சுமார் 190 கிலோ; 25 கிலோ மூட்டையில் ஏழெட்டு இறங்கியிருக்க வேண்டும். ஆட்டோவில் பசை டப்பாவோடு சேர்ந்து வந்து இறங்கும் ஒன்றிரண்டு பைகளில் அடங்குகிற வேலை அல்ல அது. மூட்டைகளை எண்ணுவதற்குத் தொழில் அறிவு தேவையில்லை.

ஆடி மாதம் ஒட்டிய தரை. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை. வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் இணைப்புகளில் கறுப்பாகப் பசை பிதுங்க ஆரம்பித்தது. காலுறையில் ஒட்டியது. பிறகு பலகைகளின் முனை மேலெழும்பியது. மாலை வெயில் சாய்வாக விழும்போது அடியில் இருக்கும் மொசைக் கற்களின் கட்டங்கள் அத்தனையும் மேலே தெரிந்தன. கூடவே ஒரு புழுங்கல் நாற்றம். அப்பாவின் எந்த இருமலுக்குப் பயந்து இந்த வழியைத் தேர்ந்தெடுத்தோமோ, அதுவே வந்து நின்றது.

கடைக்காரர் நேரில் வந்து பார்த்துவிட்டு, "தண்ணீர் ஊற்றிக் கழுவினீர்களா சார்?" என்று கேட்டார். விற்கும்போது மாதிரிப் பலகை மேல் ஒரு தம்ளர் தண்ணீரைக் கவிழ்த்து, முழு நீர்த்தடுப்பு என்று காட்டியவர் இவர்தான். பலகைக்கு ஒன்றும் ஆகாது என்பது உண்மை. அடியில் இருக்கும் பசைக்கு அந்த வாக்குறுதி கிடையாது. உத்தரவாத அட்டையை எடுத்துக் காட்டினோம். பின்பக்கத்துப் பொடி எழுத்தில், தரையின் ஈரத்தாலும் சமமின்மையாலும் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று இருந்தது. பலகை தயாரித்த நிறுவனத்தை இதில் நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் அனுப்பிய குறிப்பேட்டில் மேலே நான் எழுதிய அத்தனையும் இருக்கிறது. அதைப் படித்து அதன்படி செய்யத்தான் சதுர அடிக்கு 55 ரூபாய் வாங்கினார்கள்.

அதற்கு மேல் கடைக்காரர் ஒரு சமாதானமும் சொன்னார். இதன் மேலேயே எஸ்பிசி கிளிக் பலகையை (கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் பலகை) பாதி விலையில் போட்டுத் தருகிறாராம், அடியில் நுரைத்தாளும் இலவசமாம். இதை யாரும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கிளிக் பலகை தரையில் ஒட்டாமல் மிதந்து நிற்பது. பக்கத்துக்குப் பக்கம் மெல்லிய பூட்டுதான் அதைப் பிடித்திருக்கிறது. பல எஸ்பிசி பலகைகளில் அடிநுரை ஏற்கெனவே ஒட்டியே வருகிறது. அதன் கீழ் இன்னொரு நுரை, அதற்கும் கீழ் எழும்பி நிற்கும் பழைய பலகை என்றால், மிதிக்க மிதிக்கப் பூட்டு ஒடிந்துவிடும். நாற்றமும் பூஞ்சையும் அடியில் அப்படியே இருக்கும்.

வேறொரு மேஸ்திரியை அழைத்து அவர் முன்னிலையில் பலகைகளைப் பெயர்த்தோம். கையாலேயே வந்தன. பலகையின் முதுகில் பசையோடு ஜிப்சம் மாவு அப்பியிருந்தது. கல்லில் பழைய பாலிஷ் அப்படியே பளபளத்தது. ஒவ்வொரு கட்டத்தையும் தேதி தெரியும்படி வீடியோ எடுத்துவைத்திருக்கிறோம். ஒரு கை மாவைப் பையில் போட்டும் வைத்திருக்கிறோம்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தோம். கடையிலிருந்து பதில் வரவில்லை. பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்தோம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நாமே வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் பில் வேண்டும். "பில் இல்லாமல் என்றால் ஜிஎஸ்டி மிச்சம்" என்று ஆசை காட்டுவார்கள். அந்த மிச்சத்தோடு உங்கள் சாட்சியும் போய்விடும்.

இப்போது பேச்சுவார்த்தையில் இருப்பவர்கள் கோட்டேஷனில் இந்த வரிகளைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்: லெவலிங் கலவையின் பிராண்ட், மூட்டை எண்ணிக்கை, ஈரச் சோதனையின் முடிவு, தரை தயாரானதும் நீங்கள் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே பசை தடவுவது என்ற நிபந்தனை. அந்த ஒப்புதல் நாளன்று 10 அடி அலுமினியச் சட்டம் ஒன்றை வாங்கிவைத்து, குறுக்கும் நெடுக்குமாகத் தரையில் நிறுத்தி அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். எழுதித் தர மறுக்கிற கடையில் முன்பணம் கொடுக்காதீர்கள். தரைத்தள வீட்டில் இந்த வேலையைச் சரியாகச் செய்து கொடுத்தவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், ஒரு மழைக்காலமாவது தாண்டிய வேலையாக இருந்தால் மட்டும், கீழே எழுதுங்கள்.