காலையில் ஸ்டார்ட் ஆகாத பழைய கார்: பேட்டரியா, சோக்கா?

ஊட்டியில் டிசம்பர் காலை ஆறு மணிக்கு கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள என் பழைய கார் முரண்டு பிடித்தால் நான் முதலில் பானெட்டைத் திறப்பதில்லை, சாவியைத் திருப்பிக் காதைத்தான் கொடுக்கிறேன்.

'டிக் டிக்' என்று மட்டும் சத்தம் வந்தாலோ, இழுத்து இழுத்துச் சுற்றினாலோ, ஹெட்லைட் மங்கினாலோ பேட்டரி பக்கம். குளிரில் பேட்டரியின் சக்தி குறையும், ஆயிலோ கெட்டியாகி, என்ஜினைச் சுற்ற இன்னும் பலம் கேட்கும். மல்டிமீட்டர் இருந்தால் சுலபம்: ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் கிட்டத்தட்ட பாதிதான். ஆனால் புதுசு வாங்க ஓடுவதற்கு முன் டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளையைச் சுரண்டிப் பாருங்கள், போன வருஷம் எனக்கு அதோடு முடிந்தது.

நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? அப்போது சோக் (குளிரில் காற்றைக் குறைத்து, பெட்ரோல் அதிகம் போகச் செய்யும் அமைப்பு), பெட்ரோல், ஸ்பார்க் பிளக். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, யாரையாவது சோக் இழுக்கச் சொல்லி, கார்பரேட்டர் வாயில் இருக்கும் தகடு முழுசாக மூடுகிறதா என்று பாருங்கள். பழைய கேபிள் பாதியில் நின்றுவிடும். அப்புறம் பிளக். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை; நனைந்து வாடை அடித்தால் ஒன்று பெட்ரோல் அதிகமாகி ஓவர்ஃப்ளோ, அல்லது ஸ்பார்க் வரவில்லை. (ஆக்சிலேட்டரைப் பத்து தடவை மிதித்தது யார் என்று கேட்கவே வேண்டாம்.)

என் ஓட்டு பேட்டரியை முதலில் பார்ப்பதற்குத்தான், ஐந்து நிமிஷ வேலை. ஒரே சிக்கல், சோக் மக்கர் செய்யும் வண்டியை விடாமல் ஸ்டார்ட் அடித்தால் நல்ல பேட்டரியும் இறங்கிவிடும், அப்போது பழி அதன் மேல் விழும்.