லுட்டேஸ் எல்ம் கன்று: பலகைக்கு ஆகுமா?

எல்ம் என்பது ஐரோப்பா போன்ற குளிர்நாடுகளில் வளரும் பெருமரம். அதன் மரக்கட்டையில் இழை பின்னிப் பின்னி ஓடும். விண்ட்சர் என்னும் ஆங்கிலேய மர நாற்காலியின் இருக்கைப் பலகையில் துளையிட்டுக் காலைச் சுத்தியலால் அடித்து இறக்கினாலும் வெடிக்காது. வண்டிச்சக்கரக் குடத்துக்கும், மண்ணுக்கடியில் போகும் தண்ணீர்க் குழாய்க்கும் பழைய இங்கிலாந்தில் இந்த மரம்தான். 1960-களின் கடைசியில் பட்டை வண்டு சுமந்து வரும் பூஞ்சை நோயான டச்சு எல்ம் நோய் வீரியம் கூடிப் பரவி, பிரிட்டனில் மட்டும் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் போயின.

இன்று நோய் தாங்கும் ரகங்கள் பல வந்துவிட்டன. நிழலுக்கு என்றால் பெரும்பாலானவை போதும். பலகைக்கு என்றால் நாங்கள் முதலில் சொல்வது லுட்டேஸ். நெதர்லாந்தில் கலப்பு செய்து, பிரான்சின் இன்ரா ஆய்வு நிறுவனம் நீண்ட காலம் சோதித்து, 2002-இல் வெளிவந்த ரகம் இது. இதன் பரம்பரையில் இமயமலை எல்மும் உண்டு. காஷ்மீர்ப் பக்கம் மாட்டுத் தீவனத்துக்குத் தழை ஒடிக்கும் அதே மரம்.

நோய் தாங்குவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தாங்கும் என்றால் நோயே அண்டாது என்று பொருளில்லை. பட்டை வண்டு இளங்கிளைக் கவட்டைக் கொறிக்கும்போது பூஞ்சை நீர்க்குழல்களுக்குள் இறங்குகிறது. சாதாரண எல்ம் அதைத் தடுக்கத் தன் குழல்களைத் தானே அடைத்துக்கொண்டு, தண்ணீர் ஏறாமல் வாடிச் சாகும். லுட்டேஸில் ஒரு கிளை வாடலாம், மரம் பிழைத்துவிடும். வாடிய கிளையைக் குறுக்கே வெட்டினால் வெளிவளையத்தில் பழுப்புப் புள்ளிகள் தெரியும். கறை தெரியாத இடம்வரை இறங்கி வெட்டி, வெட்டியதை எரித்துவிட வேண்டும்.

இதன் உண்மையான குறை வடிவம். சும்மா விட்டால் அடிமரம் தாழ்விலேயே பல கிளைகளாகப் பிரிந்து விசிறிபோல் விரியும்; அறுக்க மூன்று மீட்டர்கூடத் தேறாது. இரண்டாம் வருடத்திலிருந்தே தலைக்குருத்து ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அதோடு போட்டி போடும் கிளைகளை எடுத்துவிடுங்கள். பக்கக் கிளை அடியில் 3 செ.மீ. தடிப்பதற்குள் எடுத்தால் பலகையில் கணு சிறிதாக நிற்கும். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிக்கக் கூடாது. 5 மீட்டர் சுத்தமான தண்டுதான் இலக்கு. கவாத்தை நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் முடித்துவிட வேண்டும். கோடையில் பறக்கும் வண்டைப் புதுக்காயத்தின் வாசனை இழுத்துவிடும்.

இவ்வளவு கவாத்து முடியாது என்பவர்களுக்கு இத்தாலியின் சான் சனோபி (1997) பரவாயில்லை, தண்டு தானாகவே நேராக ஏறும். சப்போரோ ஆட்டம் கோல்டு என்ற ரகம் நோயை நன்றாகத் தாங்கும். ஆனால் குறுகிய கவைகள் காற்றில் பிளக்கின்றன. பலகைக்காக அதை வாங்க வேண்டாம்.

லுட்டேஸ் விற்பவர் முதல்தர மரக்கட்டை என்று சொன்னால் விலையை ஏற்றிக் கொடுக்காதீர்கள். 2002-இல் வந்த ரகத்தில் வைரம் பாய்ந்து முதிர்ந்த அடிமரத்தை அறுத்துப் பார்க்க இன்னும் காலம் ஆகவில்லை.

கடையில் கன்றின் அடிப்பகுதியைக் கையால் தடவிப் பாருங்கள். மண்ணுக்குச் சற்று மேலே வளைவோ புடைப்போ இருந்தால் அது ஒட்டுக்கன்று. ஒட்டுக்குக் கீழுள்ள அடிக்கட்டையிலிருந்து வரும் வேர்க்கன்றுக்கு நோய் தாங்கும் குணம் இராது. ஒட்டு பொருந்தாமல் வருடங்கள் கழித்து முறிவதும் உண்டு. சொந்த வேரில் வளர்ந்த கன்றுதானா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.