சான்சேரா, மார்ல்பரோவா? ஒரே திராட்சை, இரண்டு குணம்

வெள்ளை ஒயினைப் புரிந்துகொள்ள, பத்து வகைத் திராட்சையைச் சுவைத்துக் குழம்ப வேண்டாம். ஒரே திராட்சையை இரண்டு ஊரிலிருந்து வாங்கி, அடுத்தடுத்து ஊற்றிப் பார்த்தால் போதும். அதற்கு வாகானது சாவிஞோன் பிளாங் என்ற வெள்ளைத் திராட்சை. ஒரு பாட்டில் பிரான்சின் லுவார் ஆற்றோரச் சான்சேர், மற்றது நியூசிலாந்தின் மார்ல்பரோ.

மார்ல்பரோவை முகர மெனக்கெடத் தேவையில்லை. கோப்பையைத் தூக்கும்போதே பேஷன் ஃப்ரூட்டும் பம்ப்ளிமாஸும் வந்து நிற்கும்; பின்னாலேயே நறுக்கிய குடைமிளகாய். இந்தக் குடைமிளகாய் வாசம் கற்பனை அல்ல. குடைமிளகாயில் உள்ள பைரசின் என்ற வேதிப்பொருள் இந்தத் திராட்சையிலும் உண்டு. அங்கே பகல் வெயில் பழவாசத்தைக் கூட்ட, குளிர்ந்த இரவு புளிப்பைக் கரையவிடாமல் காக்கிறது. 1973-ல்தான் அங்கே வணிக அளவில் திராட்சை நட்டார்கள். 1985-ல் தொடங்கிய கிளவுடி பே என்ற ஒயின் நிறுவனம் இந்தப் பாணியை உலகெங்கும் கொண்டுபோனது.

சான்சேரை அதே வேகத்தில் முகர்ந்தால் ஏமாற்றம்தான். கொஞ்சம் எலுமிச்சை, கொஞ்சம் ஈரக்கல், அவ்வளவே. ஆனால் விழுங்கிய பிறகும் நாக்கோரம் ஊறிக்கொண்டே இருக்கும். சிலருக்கு அது வெறும் புளிப்பு. எனக்கு அதுதான் இந்த ஒயினின் உயிர். அந்தக் குன்றுகளில் சுண்ணாம்புக் களிமண், சரளைச் சுண்ணாம்பு, சிக்கிமுக்கிக்கல் என்று மூன்று வகை நிலம். கல்லின் ருசி வேர்வழியே கோப்பைக்கு வருவதாக விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். மண் நீரைப் பிடித்துவைப்பதும் வடியவிடுவதும் பழம் பழுக்கும் வேகத்தை மாற்றும். அது சுவையில் தெரியும். சான்சேர் வெள்ளை ஒயினுக்கு 1936-லேயே சட்டப்படி ஊர்ப்பெயர் உரிமை கிடைத்துவிட்டது. அதனால் பல பாட்டில்களில் திராட்சையின் பெயரே இருக்காது, ஊர்ப்பெயர் மட்டும்தான்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் சான்சேர் ஊமையாகிவிடும். கால் மணி நேரம் வெளியே வைத்து, 10 முதல் 12 டிகிரிக்கு வந்ததும் குடியுங்கள். மார்ல்பரோ 8 டிகிரியிலும் கத்தும்.

சாப்பாட்டோடு என்றால் நான் சான்சேர் கட்சி. அங்குள்ள ஷாவிஞோல் ஊரின் ஆட்டுப்பால் சீஸும் இந்த ஒயினும் ஒன்றுக்கொன்று அளந்து செய்ததுபோல் பொருந்தும்: சீஸின் கொழுப்பை ஒயினின் புளிப்பு வெட்டும். ஆவியில் வெந்த மீனுக்கும் அதே. மிளகாய்க் காரம் வந்தால் கதை வேறு. சான்சேரின் இனிப்பில்லாத புளிப்பு காரத்தோடு மோதும். மார்ல்பரோ பலவற்றில் சிறிதளவு சர்க்கரை மிச்சமிருப்பதால் சமாளித்துவிடும். தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லாத மாலைப் பேச்சுக்கும் அதுவே தேவலை.

விலை பெரும்பாலும் சான்சேருக்குத்தான் அதிகம். நல்ல தோட்டத்துச் சான்சேர் ஐந்தாறு வருடம் தாங்கும். மார்ல்பரோவைச் சேர்த்துவைப்பதில் பலனில்லை, இரண்டு மூன்று வருடத்துக்குள் முடித்துவிடுங்கள்.

நம் நாட்டிலேயே நாசிக்கில் சுலா என்ற நிறுவனம் இதே திராட்சையில் ஒயின் செய்கிறது. குடைமிளகாய் போன்ற பச்சை வாசம் தூக்கலாக, மார்ல்பரோ பக்கம் சாய்ந்திருக்கும். மூன்றாவது கோப்பையாக வைத்துப் பாருங்கள், முதலாவதாக வேண்டாம்.