கப்பல் மாதிரி செய்வதற்கு 'முழுப் பட்டறைத் தொகுப்பு' வாங்க இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மேசை, இழுப்பறைகள், சிறிய டேபிள் சா (மேசை ரம்பம்), கப்பலின் உடலில் ஒட்டும் மெல்லிய மரப்பட்டைகள் ஆகிய எல்லாவற்றையும் ஒரே விலையில் தந்து, வீட்டில் ஒரு மூலையைக் கப்பல் மாதிரிப் பட்டறையாக மாற்றித் தருவதாகச் சொல்லும் ஒரு விற்பனையாளரிடம் சென்ற ஆண்டு 84,000 ரூபாய்க்கு வேலையை ஒப்படைத்தேன். எழுத்துவடிவில் விலைப்புள்ளி வாங்கி, ஒவ்வொரு பொருளின் அளவையும் தரத்தையும் அதில் குறிப்பிடச் செய்து, அதற்குப் பிறகே எழுபது சதவீத முன்பணத்தைச் செலுத்தினேன். அப்படியிருந்தும் வந்து சேர்ந்தவற்றில் மேசைவிளக்கும் இரண்டு மூன்று கிடுக்கிகளும் தவிர வேறெதுவும் அந்த விலைப்புள்ளியோடு பொருந்தவில்லை. புகார் நிலுவையில் இருப்பதால் விற்பனையாளரின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் ஏமாற்று எந்தெந்த இடத்தில் நடந்தது என்பதைச் சொல்லிவிடலாம். அவை அனைத்தும் அவர்கள் அனுப்பிய அழகான புகைப்படங்களில் தெரியாத இடங்கள்.

முதலில் மேசை. உட்கார்ந்து வேலை செய்வதற்காக 75 செ.மீ. உயரமும், ஊசி அரம், சிறு துளைக்கருவி, கிடுக்கி போன்றவற்றை ஒரே அடுக்காகப் பரப்பி வைக்க 5 செ.மீ. ஆழமுள்ள இழுப்பறைகளும் கேட்டிருந்தேன். வந்ததோ 86 செ.மீ. உயரத்தில், குக்கரை வைக்கும் அளவுக்கு ஆழமான இழுப்பறைகளோடு நின்றது. மேல் இழுப்பறையைத் திறந்தபோது கரண்டி, ஸ்பூன் வைப்பதற்கான பிளாஸ்டிக் தட்டு உள்ளேயே பொருத்தப்பட்டிருந்தது. வேறு யாருக்காகவோ செய்த சமையலறை அலமாரியைப் பட்டறை மேசை என்று பெயர் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

உயரத்தைக்கூட ஒரு ஆசாரியை அழைத்துக் குறைத்துக்கொள்ளலாம். பலகையை என்ன செய்வது? விலைப்புள்ளியில் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரநிலைக்கு ஏற்ற 19 மி.மீ. மரைன் பிளைவுட் என்று தெளிவாக எழுதியிருந்தது. விளிம்புப் பட்டையை உரித்து வெர்னியர் காலிப்பரை வைத்தால் 16.4 மி.மீ. காட்டியது. உள் அடுக்குகளில் துண்டு துண்டான வெனீர்களும் (மெல்லிய மரத்தாள்களும்), இடைவெளிகளை மூடிய பட்டியும் தெரிந்தன. பலகையின் அடியில் '710 கிரேடு' என்ற முத்திரை பளிச்சென்று இருந்தது, ஆனால் ஐ.எஸ்.ஐ. குறியும், அதன் கீழே இருக்க வேண்டிய சி.எம்./எல். உரிம எண்ணும் எங்குமே இல்லை. 710 என்ற எண்ணை அச்சடிக்க ஒரு ரப்பர் முத்திரை போதும். உரிம எண் இருந்தால்தான் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைப் போட்டு, உரிமம் யாருக்கு, எந்தப் பொருளுக்குத் தரப்பட்டது என்று பார்க்க முடியும். அந்தத் தரத்துக்குரிய பிளைவுட் கொதிநீரில் 72 மணி நேரம் கிடந்தும் அடுக்குப் பிரியாமல் இருக்க வேண்டும். பின்பக்கப் பலகையில் உள்ளங்கையளவு துண்டு ஒன்றை அறுத்து அடுப்பில் வைத்தேன். காபி குடித்துவிட்டு வந்து பார்ப்பதற்குள் மேல் வெனீர் சுருண்டு தனியே மிதந்தது. சென்னை போன்ற கடலோர ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இத்தகைய பலகை உப்பி வளைந்துவிடும். வளைந்த மேசையின் மீது கப்பலின் முதுகெலும்பான அடிமரத்தை நேராக நிறுத்த முடியாது, அடிமரம் திருகினால் அந்தக் கப்பலைப் பிறகு எதனாலும் நிமிர்த்த முடியாது.

டேபிள் சா விஷயத்தை வெறும் தரக்குறைவு என்று விட்டுவிட எனக்கு மனமில்லை, ஏனென்றால் அது கையைக் காவு வாங்கக்கூடியது. 230 வோல்ட்டில் ஓடும் மோட்டார், முழுக்க உலோக உடல், அதற்கு எர்த் இல்லாத இரண்டு முள் பிளக். பிளேடுக்குப் பின்னால், அறுபட்ட மரம் மீண்டும் பிளேடை நெருக்காமல் தடுக்கும் பிரிப்புத் தகடு அறவே இல்லை. மரத்தை நேராக வழிநடத்தும் ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் உள்ள இடைவெளி முன்புறத்தைவிடப் பின்புறத்தில் 0.8 மி.மீ. குறைவாக இருந்தது, அதாவது தள்ளத் தள்ள மரம் இறுகி, பிளேடு அதைத் தூக்கி நம்மை நோக்கி எறியும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜை வைத்துப் பிளேடைக் கையால் சுற்றியதில் விளிம்பு 0.4 மி.மீ. ஆடியது. ஒரு மில்லிமீட்டர் பட்டை அறுக்க வாங்கிய கருவியில் இந்த ஆட்டம் இருந்தால் அதில் விறகுதான் கீற முடியும்.

மரத்துக்கு வருகிறேன். நான் செய்ய எடுத்துக்கொண்டது 1817-இல் பம்பாயில் வாடியா குடும்பத்தாரின் கைவண்ணத்தில் கட்டப்பட்டு, இன்று இங்கிலாந்தின் ஹார்ட்லிபூலில் மிதந்து நிற்கும் எச்.எம்.எஸ். டிரிங்கோமாலி என்ற போர்க்கப்பல், அளவீடு 1:64. கப்பல் உடலின் முதல் அடுக்குக்கு 1.5 மி.மீ. லைம் (எலுமிச்சை அல்ல, லிண்டன்) மரப்பட்டைகளும், மேல் அடுக்குக்குப் பேரி மரமும் கேட்டிருந்தேன். லைம் என்று வந்தவற்றில் பாதி, நகத்தால் அழுத்தினாலே குழி விழும் பால்சா. மீதியின் தடிமன் ஒரே கட்டுக்குள் 1.2 முதல் 1.9 மி.மீ. வரை மாறியது. பச்சை மரத்தை அறுத்து அப்படியே பிளாஸ்டிக்கில் சுற்றியிருந்ததால் பட்டைகளில் நீலப் பூஞ்சைக் கறை ஓடியிருந்தது. ஈரமானியில் 22 சதவீதம் காட்டியது. நம் கடற்கரைக் காற்றில் நன்றாகக் காய்ந்த மரம் 13, 14 சதவீதத்தில் நிற்கும். 22-இல் ஒட்டினால் காயக் காயச் சுருங்கி, பட்டைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும்.

பேரி மரத்துக்குப் பதிலாகத் தேக்குச் சீவல்கள் வந்திருந்தன. இதைக் கேட்டதற்கு, "அசல் கப்பலே தேக்குதானே சார், உங்களுக்கு நல்லதைத்தானே கொடுத்திருக்கிறோம்" என்று தொலைபேசியில் பதில் வந்தது. அசல் கப்பல் தேக்கு என்பது உண்மை. ஆனால் தேக்கின் துளைகள் கண்ணுக்குத் தெரியும் அளவு பெரியவை. கால் மில்லிமீட்டர் துளை ஒன்று 1:64 அளவீட்டில் 16 மி.மீ. ஓட்டைக்குச் சமம். கப்பல் முழுவதும் கரையான் அரித்ததுபோல் காட்சி தரும் என்பதால்தான் மாதிரி செய்பவர்கள் நெருக்கமான இழையுள்ள பேரி, பாக்ஸ்வுட் பக்கம் போகிறார்கள். இந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

படங்களோடு மின்னஞ்சல் அனுப்பியபோது, முதலில் மீதித் தொகையைச் செலுத்துங்கள், பிறகு ஆள் அனுப்பிப் பார்க்கிறோம் என்றார்கள். செலுத்தவில்லை. அதன் பிறகு என் எண்ணை முடக்கிவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிவு செய்த புகாருக்கும் அவர்கள் பதில் தராததால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான மதிப்புக்கு அங்கே கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்துவிட வேண்டும். விலைப்புள்ளி, ஜி.எஸ்.டி. எண்ணுடன் கூடிய ரசீது, அளவுகோல் தெரியும்படி எடுத்த படங்கள், அறுத்த பிளைவுட் துண்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

இதேபோன்ற தொகுப்புக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டவர்கள், பொருள் வண்டியிலிருந்து இறங்கும் முன்பே பிளைவுட்டின் சி.எம்./எல். எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ரம்பத்தின் பிளக்கையும் பிரிப்புத் தகட்டையும் காணொளியில் காட்டச் சொல்லுங்கள். மரப்பட்டைகளின் கட்டைப் பிரித்து ஈரமானியில் அளந்து பார்க்காமல் மீதித் தொகையைக் கொடுக்காதீர்கள்.